எட்டு மாதம் ஆஜரான கட்டைவிரல்

போன நவம்பரில் நான் உயிரோடு இருப்பதை நிரூபிக்கப் போயிருந்தேன். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை செய்தாக வேண்டிய சடங்கு அது. கவுண்டரில் இருந்த பெண் சிறிய கருவி ஒன்றை நீட்டி விரலை வைக்கச் சொன்னாள். வைத்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், மறுபடியும் சிவப்பு. "ரேகை தேஞ்சு போச்சு ஆன்ட்டி, மெஷின் உங்கள ஒத்துக்க மாட்டேங்குது" என்றாள். இருபத்தெட்டு வருடம் ஊரார் ரேகையைப் பார்த்தே சோறு தின்றவளுக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் மோதிர விரல் எனக்காகச் சாட்சி சொன்னது.

"மெஷின் இல்லாத காலத்துல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். எனக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். "லென்ஸ் வச்சுப் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். லென்ஸில் பார்த்ததையெல்லாம் வரிசையில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் ஆவடியில் இருந்தது. ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்து வெளியே வந்தவர்களின் பணிப் பதிவுகளைப் பாதுகாக்கிற இடம். எண்பதுகளின் தொடக்கத்தில் கிளார்க்காகச் சேர்ந்தேன். திருமுல்லைவாயிலில் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன். ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ரேகையில் சுழி, வளையம், வில் என்று மூன்று சாதி உண்டு என்பதையும், பழைய தாளை எப்படிப் புரட்டினால் கிழியாது என்பதையும் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் திட்டு வாங்கிக் கற்றது.

ஒரு சிப்பாயின் முழு வாழ்க்கையும் 'ஷீட் ரோல்' என்ற ஒரு மடிப்புத் தாளில் அடங்கிவிடும். சேர்ந்த நாள், உயரம், மச்சம், போன ஊர்கள், வாங்கிய பதக்கங்கள், பட்ட காயங்கள், இடது கட்டைவிரல் ரேகை. உயிரோடு இருப்பவர்களின் தாள்கள் இடது ஹாலில் சிவப்பு நாடா கட்டி இருக்கும். இறந்தவர்கள் வலது ஹால், வெள்ளை நாடா. எங்கள் ஆபீஸில் யாரும் தாளைத் தாள் என்று சொல்ல மாட்டார்கள். 'ஆள்' என்பார்கள். "அந்த ஆளை எடுத்துட்டு வா", "மூணாவது ரேக்ல நாலு ஆள் மழையில நனைஞ்சிட்டாங்க" என்றுதான் பேச்சு. சேர்ந்த புதிதில் கேட்கக் கொஞ்சம் விநோதமாக இருக்கும். பிறகு நானும் அப்படித்தான் பேசினேன்.

எனக்குப் பேய் பயம் கிடையாது. பேயைவிட மோசமானவர்களை லீவு லெட்டரோடு பார்த்திருக்கிறேன். எங்கள் பியூன் கபாலிக்கு உண்டு. இறந்தவரின் தாளை இடது ஹாலிலிருந்து வலது ஹாலுக்குக் கொண்டுபோகும்போது அவர் வாய் திறக்க மாட்டார், வழியில் எங்கும் கீழே வைக்கவும் மாட்டார். ஒருமுறை பூந்தமல்லிப் பக்கமிருந்து ஒரு முன்னாள் சிப்பாய் வந்தார். எங்கள் கணக்கில் அவர் இறந்து நாலு வருடம். கிராம அதிகாரியிடம் போய், கடந்த செவ்வாய்க்கிழமை அவர் உயிரோடு இருந்தார் என்று சான்றிதழ் வாங்கி வந்தார். எங்கள் சூப்பிரண்டு தணிகாசலம் அதைப் படித்துவிட்டு, "புதன்கிழமைக்கு?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. மனுஷன் திரும்பிப் போய் வேறு வாங்கி வந்தார். அவருடைய தாளை வலது ஹாலிலிருந்து இடது ஹாலுக்கு மாற்றச் சொன்னபோது கபாலி கையைக் கட்டிக்கொண்டார். "அந்தாண்டேந்து யாரும் இந்தாண்ட வந்ததில்ல மேடம்" என்றார். நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

தணிகாசலம் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரே பட்டாளத்தில் கிளார்க்காக இருந்துவிட்டு, பிறகு எங்கள் ஆபீஸுக்கு வந்தவர். குரலை உயர்த்த மாட்டார். எல்லோரையும் வாங்க, போங்க என்பார். எச்சில் தொட்டுத் தாளைப் புரட்டினால் மட்டும் முகம் சுருங்கும். எதிரில் ஈரப் பஞ்சு வைத்த கிண்ணத்தை நகர்த்தி வைப்பார். காலையில் வந்ததும் மை பேடில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, தன் விரலை ஒற்றிப் பார்ப்பார். எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம்கூட வெறுமையாக இருப்பது அவருக்குப் பிடிக்காது. எழுத ஒன்றுமில்லை என்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். யாராவது வாதாடினால் ஒரே பதில்: "காகிதம் பேசட்டும். நீங்க பேசாதீங்க." நான் அவரை மதித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு கோபமும் பட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏழுமலை வந்தார். சென்னீர்குப்பத்துக்காரர். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன். வெளுத்த காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னால் நுனியில் உட்காருவார். எங்கள் ஆபீஸிலிருந்தே போன கடிதம் ஒன்றை மேஜைமேல் வைத்தார். இடது கையால் வைத்தார். அதில் கட்டைவிரல் இல்லை.

எழுபத்தொன்றாம் வருடப் பாகிஸ்தான் போரில், மேற்கே மணல்வெளியில், குண்டுச் சிதறல் பட்டுப் போன விரல் என்றார். அந்தக் காயம் அவருடைய ஷீட் ரோலில் ஏறவில்லை. அதனால் காயம்பட்டவருக்கான பதக்கமும் இல்லை. இத்தனை வருடம் அவர் அதைக் கேட்கவும் இல்லை. அவர் மகள் ரேவதி நர்ஸ் படிப்புக்கு மனுப் போட்டபோது, போரில் காயம்பட்டவரின் பிள்ளையா என்று ஒரு கட்டம் இருந்ததாம். 'ஆம்' என்று எழுதிவிட்டு, அப்பாவும் மகளும் சான்று கேட்டு எங்களுக்கு எழுதினார்கள். எங்கள் பதில்தான் அந்தக் கடிதம். 'பதிவுகளின்படி தாங்கள் போரில் காயமடையவில்லை. தாங்கள் குறிப்பிடும் காலத்தில் தங்கள் பிரிவில் நலமுடன் ஆஜராக இருந்துள்ளீர்கள்.'

"எஸ்டேட்ல பிரஸ் மிசின்ல வெரலு போனவன் நூறு பேரு கீறான் மேடம்" என்றார். "என்னியும் அதுல ஒருத்தன்னு சொல்லுவானுங்கோ. பிரஸ்ல உட்டுட்டு சண்டைல உட்டேன்னு சொல்லிகினு திரியறான்னு. சொல்லிகினு போட்டும். இந்த லெட்டரு ஊட்டுக்கு வந்துச்சா, பொண்ணுதான் பட்ச்சிக் காட்டுச்சி. பட்ச்சிட்டு என் கையப் பாத்துச்சி. ஒன்னியும் கேக்கல. கேட்டுந்தா பரவால்ல."

மகளுக்கு வேறு வழியில் இடம் கிடைத்துவிட்டது. அவர் வந்தது அந்த ஒரு பார்வைக்காக.

நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைக் கேட்டேன். கடைசியில், படிவத்தில் இருந்ததால், இப்போதும் வலி உண்டா என்று கேட்டேன். அவர் விரல் இருந்த இடத்தைத் தடவினார்.

"வலியில்ல. இல்லாத வெரலு, இன்னா வலிக்கும். ஒன்னாந்தேதி ஆனா மட்டும் சில்லுனு ஆவும். மையில வெச்சா ஆவும்ல, அந்த மாரி. பொறவு ஒரு அமுக்கு. அவ்ளோதான்."

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? 'வலி: இல்லை' என்று எழுதினேன்.

அவர் சொன்ன காலத்து ஆவணங்களைக் கோடவுனிலிருந்து வரவழைக்க ஐந்து மாதம் ஆயிற்று. ஆஸ்பத்திரி ஏடு ஒன்றில் ஏழுமலை என்று ஒரு பெயர் இருந்தது. ஆனால் சிப்பாய் எண் வேறு. நினைவில்லாமல் கொண்டுவரப்பட்டவர் என்று பக்கத்தில் குறிப்பு. எண் பொருந்தாவிட்டால் எங்களுக்கு அது வேறு ஆள். அடுத்து, பட்டாளத்தில் அவர் இருந்த கம்பெனியின், அதாவது படைப்பிரிவின், ஆஜர் பட்டியல்கள் வந்தன. அந்தக் கம்பெனியில் ஒரு நடைமுறை. மாதம் ஒருமுறை எல்லோரும் பெயருக்கு நேரே இடது கட்டைவிரலைப் பதிக்க வேண்டும், கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களும்தான். கையெழுத்தை இன்னொருவன் போட்டுவிடலாம், ரேகையை முடியாது என்பது அவர்கள் கணக்கு.

போருக்கு முந்தைய மாதம் ஒன்று, பிந்தைய எட்டு மாதம். ஒன்பது தாள். ஒன்பதிலும் ஏழுமலை பெயருக்கு நேரே இடது கட்டைவிரல் இருந்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி தேவையில்லை என்பார்கள். நான் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். அவர் பட்டாளத்தில் சேர்ந்த அன்று வைத்த ரேகையோடு ஒப்பிட்டேன். சுழியின் மையம், பிரியும் கோடுகள், ஓரத்துத் தீவு. பதினாறு இடம் பொருந்தியது. அவருடைய விரல்தான். மணலில் போய்விட்டது என்று அவர் சொன்ன விரல் அதன்பிறகும் எட்டு மாதம் தவறாமல் வந்து அமர்ந்திருக்கிறது.

தேதியைப் பார்த்தேன். எல்லாம் ஒன்றாம் தேதி. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, பக்கத்து மேஜையில் யாரோ கத்தரிக்காய் விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்றாம் தேதியானால் சில்லென்று ஆகும் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. லென்ஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

எதிரான ஆதாரத்தை மனுதாரருக்குக் காட்ட வேண்டும் என்பது விதி. ஏழுமலையை வரச் சொன்னோம். தணிகாசலம் சார் அன்றும் ரெக்கார்டு ரூமில் வேலை இருப்பதாகப் போய்விட்டார். ஏழுமலை வரும் நாளில் எல்லாம் அவருக்கு அங்கே வேலை இருந்தது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

ஏழுமலை மறுப்பார், சண்டை போடுவார் என்று தயாராக இருந்தேன். அவர் தாளின்மேல் குனிந்தார். லென்ஸைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"என் வெரலுதான் மேடம்" என்றார். "நல்லாத்தான் கீது."

காணாமல்போன தம்பியை வேறு ஊரில் பார்த்துவிட்டு வந்தவர் சொல்வதுபோல இருந்தது. அவருடைய ஷீட் ரோலில் எல்லைக் காவலுக்கான பதக்கம் ஒன்று ஏறியிருந்தது. அந்த எட்டு மாதமும் எல்லையில் ஆஜராக இருந்ததற்காகக் கொடுத்தது. அதையும் காட்டினேன்.

"இது என்து இல்ல. நான் அப்போ ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தேன். இது அந்த வெரலு வாங்கின மெடலு." லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்போ நான்தான் பொய்யா மேடம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் தாள்களை அடுக்கிக் கட்டினேன்.

அந்த வாரம் வீட்டில் வாழைப்பூ நறுக்கும்போது அரிவாள்மணையில் என் கட்டைவிரல் கீறிக்கொண்டது. ஆபீஸில் மை பேடைப் பார்த்ததும் சும்மா ஒரு கழிவுத் தாளில் ஒற்றினேன். வெட்டு வெள்ளைக் கோடாக விழுந்தது. எங்கேயோ பார்த்த கோடு. ஏழுமலையின் ஒன்பது தாள்களை எடுத்தேன். முதல் தாளில் ரேகையின் குறுக்கே சரிவாக ஒரு வெள்ளைக் கோடு, அதன் நுனியில் சின்னதாக ஒரு கிளை. இரண்டாவது தாளிலும் அதே கோடு, அதே கிளை. ஒன்பதாவது தாளிலும் அதே.

நான் அவசரப்படவில்லை. தினமும் காலையில் என் விரலை ஒற்றி, தேதி எழுதி வைத்தேன். மூன்றாம் நாள் கோடு பாதியாயிற்று. பத்தாம் நாள் தேடினாலும் இல்லை. உயிருள்ள விரலில் வெட்டு ஆறும். ஏழுமலையின் விரலில் ஒன்பது மாதம் மயிரிழைகூட மாறாமல் அப்படியே இருந்தது.

பிறகு ஒன்பது தாளையும் ஜன்னலோர மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். முதலாவது கறுப்பு. அடுத்தது கொஞ்சம் வெளிறல். ஒன்பதாவது சாம்பல் நிறம். விரலை மையில் ஒரே ஒருமுறை தொட்டு, நிறுத்தாமல் ஒன்பது முறை ஒற்றியிருக்கிறார்கள். எழுத்து எதுவும் இல்லாத வெற்றுத் தாள்களில். எழுத்தைப் பிறகு யாரோ மாதாமாதம் நிரப்பியிருக்கிறார்கள்.

தணிகாசலம் சாரிடம் கொண்டுபோய்ப் பரப்பினேன். என் விரலின் பத்து நாள் கதையையும் பக்கத்தில் வைத்தேன். அவர் லென்ஸை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அது மில்க் டின் வெட்டினது கோமதி அம்மா" என்றார். "பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். நான்தான் பிரிச்சுட்டு வைக்கச் சொன்னேன்."

எனக்குப் புரியச் சில நொடி பிடித்தது. அந்தக் கம்பெனியின் கிளார்க் அவர்தான். முன்னணிக்குப் புறப்பட இரண்டு நாள் இருந்ததாம். மணலில் ஒவ்வொரு மாதமும் ஆள் ஆளாகத் தேடி விரல் வாங்க முடியாது, பட்டியலில் கட்டம் காலியாக விழும். அதனால் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, வெற்றுத் தாள்களில் முன்கூட்டியே ரேகை வாங்கிப் பெட்டியில் வைத்தார். பத்தே நாளில் அவருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்த கிளார்க் பெட்டியைத் திறந்தார். விரல் இருக்கிறது, ஆள் இருப்பான் என்று நிரப்பிக்கொண்டே போனார்.

"உங்களுக்கு எப்ப தெரியும் சார்?" என்று கேட்டேன்.

"அவன் வந்த முதல் நாளே, பேரைப் பார்த்ததும் தெரியும்."

"அஞ்சு மாசம் சார்."

"காகிதம் பேசட்டும்னு இருந்தேன்" என்றார். வழக்கமான குரலில்தான் சொன்னார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபத்தை இப்போதும் மறைக்க மாட்டேன். "காகிதத்துக்கு வாய் நீங்க வச்சதுதானே சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சூப்பிரண்டிடம் அப்படிப் பேசியது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் என் மேஜையில் மூன்று பக்க வாக்குமூலம் இருந்தது. தன் கையால் எழுதியது, ஒரு வார்த்தை அடித்தல் இல்லை. 'நான் இதில் சாட்சி. விசாரிக்கும் தகுதி எனக்கில்லை' என்று முடித்து, கோப்பிலிருந்து விலகிக்கொண்டார். ஓய்வு பெற மூன்று மாதம்தான் இருந்தது. அந்த வாக்குமூலம் வந்தபிறகு ஆஸ்பத்திரி ஏட்டிலிருந்த ஏழுமலை யார் என்பதில் சந்தேகம் இல்லாமல் போயிற்று. எண்ணைத் தவறாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். காயம் பதிவில் ஏறியது. பதக்கம் ஏறியது. எல்லைக் காவல் பதக்கத்தை எடுத்துவிட்டார்கள். உத்தரவின் கடைசி வரி: பொய்யான எட்டு ரேகைப் பதிவுகளையும் மனுதாரர் முன்னிலையில் சிவப்பு மையால் அடித்து ரத்து செய்து, அறிக்கை அனுப்பவும்.

ஏழுமலை மகளோடு வந்தார். ரேவதி மெலிந்த பெண், நர்ஸ் பயிற்சிக்கு அணியும் வெள்ளைப் புடவையிலேயே வந்திருந்தாள். திருத்திய ஷீட் ரோலைத் திருப்பி அவள் முன் வைத்தேன். "சத்தமாப் படிம்மா" என்றேன். படித்தாள். "போர்முனையில் குண்டுச் சிதறலால் இடது கட்டைவிரல் இழப்பு. காயப் பதக்கம் வழங்கப்பட்டது." இரண்டாம் தடவை அவளாகவே படித்தாள். பிறகு அப்பாவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் எதிரில், கூச்சமில்லாமல். ஏழுமலை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று தணிகாசலம் சார் ரெக்கார்டு ரூமுக்குப் போகவில்லை. எழுந்து வந்து எங்கள் மேஜைக்கு எதிரே நின்றார்.

ஏழுமலை அவரை உற்றுப் பார்த்தார். "கிளார்க் சாப்?"

"ஆமாம்பா. மன்னிப்புக் கேட்க எனக்கு அருகதை இல்ல."

"உடுங்க சாப்" என்றார் ஏழுமலை. "நீங்க வாங்கி வெக்காட்டி அது எங்கியும் இல்லாம பூட்டிருக்கும். மண்ணோட மண்ணு. இங்கியாச்சும் கீதே."

தணிகாசலம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போய்விட்டார்.

நான் எட்டுத் தாளையும் எடுத்து வைத்து, அடிக்கோலை வைத்து, சிவப்புப் பேனாவைத் திறந்தேன். முதல் ரேகையின் குறுக்கே கோடு போட்டேன். ஏழுமலையின் தோள் குலுங்கியது. தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவது போட்டபோது அவர் பல்லைக் கடித்தது கேட்டது. மூன்று. நான்கு. ரேவதி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். தாள்கள் அவருக்குத் தலைகீழாக இருந்தன, அவர் கண்ணையும் மூடியிருந்தார். நான் எப்போது கோடு போடுகிறேன் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. வேண்டுமென்றே பேனாவைத் தாளின்மேல் வெறுமனே நிறுத்திப் பார்த்தேன். அவர் அசையவில்லை. கோட்டை இழுத்தேன். கை வெடுக்கென்று இழுத்தது.

ஆறு. ஏழு. அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"மேடம்" என்றாள் ரேவதி. "நைனாவுக்கு வலிக்குது மேடம்."

"எனுக்கு ஒன்னுமில்லம்மா" என்றார் ஏழுமலை, கண்ணைத் திறக்காமல். "அத்த நெனச்சாத்தான். ஒன்னே ஒன்னு இருக்கட்டுமே மேடம். அது எங்க போவும், பாவம்."

எட்டாவது தாளில் ரேகை இருக்கிற இடமே தெரியாதபடி வெளிறியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேனாவை மூடினேன். அது விதிமீறல் என்று எனக்குத் தெரியும். வேறு கிளார்க் செய்திருந்தால் நானே எழுதி மேலே அனுப்பியிருப்பேன். தாள்களைச் சேர்த்து நாடா கட்டினேன். அறிக்கையில் 'எட்டுப் பதிவுகளும் மனுதாரர் முன்னிலையில் ரத்து செய்யப்பட்டன' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன்.

ஏழுமலை கண்ணைத் திறந்து, எண்ணிப் பார்க்காமல், கையெடுத்துக் கும்பிட்டார். நாலு விரலும் ஐந்து விரலும் சேர்ந்த கும்பிடு. அப்பாவும் மகளும் கேட்டைத் தாண்டும்வரை ஜன்னலில் நின்று பார்த்தேன். கபாலி வந்து, "இந்த ஆள எந்த ஹால்ல மேடம் வெக்கிறது?" என்று கேட்டார்.

"இடது ஹால்" என்றேன். "பார்த்துக் கொண்டுபோங்க."